சுரபுன்னையில் தொங்குவது விதையல்ல, நாற்று

ஆசிரியருக்கு,

ஜூலை 26 உலக அலையாத்திக் காடுகள் நாளையொட்டி வரும் செய்திகளில் ‘அலையாத்தி விதைகளை ஊன்றினர்’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. சொல்லில் உள்ள பிழை சேற்றிலும் இறங்கிவிடுகிறது. விதை என்று நினைத்தால் விதையைப் போலத்தானே கையாளுவார்கள்?

பிச்சாவரத்து அலையாத்தி மரமான சுரபுன்னையில் முருங்கைக்காய் போலத் தொங்குவது விதையல்ல. காய்க்குள் இருக்கும் விதை கிளையிலேயே முளைத்து, காயைத் துளைத்துக்கொண்டு தண்டை நீட்டுகிறது. தாய்மரம் மாதக்கணக்கில் ஊட்டி வளர்க்கிற நாற்று அது. குட்டி போடும் மரம் என்றே சொல்லலாம். உப்பைத் தாங்க முடியாத முளைப்பருவத்தை மரத்திலேயே கழித்துவிட்டு, விழுந்ததும் வேர்விடத் தயாராக வருகிறது.

முற்றாததைப் பறிப்பது குறைப்பிரசவம். காயின் தொப்பிக்கும் தண்டுக்கும் நடுவே வளையம் போல ஒரு கழுத்து வெளிப்பட வேண்டும். சுரபுன்னை வகைகளில் ரைசோபோரா முக்ரோனேட்டாவில் அது மஞ்சளாகும், ரைசோபோரா அபிகுலேட்டாவில் சிவக்கும். தொட்டால் கையோடு வராததை விட்டுவிடுங்கள். தொப்பியைத் திருகி எடுக்கவும் கூடாது. உள்ளே கூம்பாக இருக்கும் குருத்து ஒடிந்தால் தண்டு மாதக்கணக்கில் பச்சையாகவே நிற்கும், இலை மட்டும் வராது.

கூர்முனைதான் கீழே போக வேண்டும். படம் எடுக்கும் அவசரத்தில் தலைகீழாகக் குத்துவதும் நடக்கிறது. 30 செ.மீ. தண்டுக்கு 10 செ.மீ. ஆழம் போதும். செடிக்குச் செடி 1 மீட்டர்.

இன்னோர் அலையாத்தி மரமான வெண்கண்டல் வேறு கதை. அதன் கருவும் மரத்திலேயே முளைக்கும், ஆனால் காய்த்தோலைக் கிழித்து வெளியே வராது. நீரில் ஊறிய பின்தான் தோல் கழலும். அதைக் குத்தி நடாமல், பாதி அமுங்கும்படி சேற்றில் வைக்க வேண்டும். அலை அள்ளிப் போகும் இடமானால் பையில் வளர்த்து நடலாம். முத்துப்பேட்டையில் பெரும்பாலும் இருப்பது இந்த மரமே.

இடம் தவறினால் எல்லாம் வீண். ஓதம் ஏறும்போது மூழ்கி, வற்றும்போது வெளிப்படும் சேறு வேண்டும். எப்போதும் நீரில் மூழ்கியே இருந்தால் தண்டில் கொட்டலசு என்னும் சிறு ஓட்டுயிரி ஒட்டிச் சாய்த்துவிடும். நீர் தேங்கி வெயிலில் சுண்டும் பள்ளத்தில் உப்பு ஏறிச் செடி கருகும். அங்கே முதலில் வாய்க்கால் வெட்டி ஓதத்தை உள்ளே விட வேண்டும், நடுவது அதற்குப் பிறகுதான்.

நடுவிழாப் படத்தைப் போடும் நாளேடுகள், ஆறு மாதம் கழித்து அதே இடத்தில் எத்தனை தண்டுகள் இலைவிட்டு நிற்கின்றன என்று எண்ணியும் வெளியிடலாமே.

வாசகர்,
சிதம்பரம்