பாப்பாவுக்கு அம்மா எழுதறது

பாப்பா,

போன் எடுக்க மாட்டேங்கற, அதான் எழுதறேன். டூட்டில இருப்பனு தெரியும், கோவமெல்லாம் இல்ல. பதினெட்டு நாள் ஆச்சு, அவ்ளோதான். வாட்சப்ல நீல டிக் விழுதுல்ல, அதப் பாத்துட்டு படுத்துக்கறேன்.

இங்க எல்லாம் நல்லாருக்கு. அப்பாக்கு முழங்கால் வலி அதே மாதிரிதான், கொஞ்ச நாள் ஜீப்ப நிறுத்துங்கனா கேக்கறதில்ல, விடியறதுக்கு முன்னாடியே கம்பத்துல ஆள ஏத்திக்கிட்டு குமுளி ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போயிடறாரு. பன்னீர் திராட்சை இந்த வாட்டி பரவால்ல. உன் ரூம்மேட் பொண்ணு போன வாரம் பேசுச்சு. நானா ஒண்ணும் கேக்கல. அதுவாதான், ஆன்ட்டி அவ சரியா சாப்பிடறதில்லனு சொல்லுச்சு. வேற என்னமோ சொல்ல வந்துச்சு, நான் அடுப்புல பால் வெச்சுருக்கேன்னு வெச்சுட்டேன்.

சாப்பிடு பாப்பா.

நேத்து பரண சுத்தம் பண்ணப்போ உன் பர்ஸ்ட் இயர் நர்சிங் பவுண்டேஷன் நோட்டு கெடச்சுது, வேலைய விட்டுட்டு அங்கயே ஸ்டூல் மேல உக்காந்து படிச்சேன். எவ்ளோ அழகா எழுதியிருக்க. நாங்க ஜி.என்.எம், அந்த நர்சிங் டிப்ளமா படிக்கறப்போ பெட்ஷீட் மூலைய மடிக்கறதுக்கே அவ்ளோ திட்டு வாங்குவோம், தியரியெல்லாம் பரீட்சைக்கு நெட்டுரு போட்டதோட சரி. நீ நாலு வருஷம் பி.எஸ்சி. வேலூர்ல 1946லயே பி.எஸ்சி நர்சிங் வந்துருச்சு, நம்ம வீட்டுக்கு வரத்தான் இத்தன வருஷம்னு அப்பா இன்னும் ஜீப்ல ஏறுறவங்க கிட்டலாம் சொல்றாரு, பாதி பேரு தூக்கத்துல இருப்பாங்க.

ஆனா நீ என்ன எவ்ளோ கேலி பண்ணுன. உனக்கு ஊசி போடத் தெரியும், ஏன்னு தெரியாதும்மான்னு சொன்னல்ல. அது இன்னும் மனசுல இருக்கு. ஏன்னு தெரிஞ்சுக்கத்தானே உன்ன படிக்க வெச்சேன்.

நர்சிங் புக்குல வர்ற ஹெண்டர்சன் அம்மா, மனுஷனுக்கு வேணும்னு சொன்ன 14 தேவைய நீ ஒப்பிக்கறப்போ நான் தோசை சுட்டுக்கிட்டே சரி பாப்பேனே. முதல்ல மூச்சு, ரெண்டாவதே சாப்பாடும் தண்ணியும்தான். அஞ்சாவது தூக்கம். பேஷன்ட்டுக்கு மட்டும்தான்னு எங்கயும் எழுதல. பத்தாவது என்னனு நீயே எடுத்துப் பாரு. மனசுல இருக்கறத, வேணுங்கறத, பயத்த வெளிய சொல்றது. அதுக்குக் கீழ நீ சிவப்பு மையில ரெண்டு கோடு போட்டு வெச்சுருக்க. அவ்ளோதான், மேல நான் ஒண்ணும் சொல்லல.

மருந்து குடுக்கறப்போ அஞ்சு சரிபார்க்கணும், யாருக்கு, எந்த மருந்து, எவ்ளோ, எந்த வழியா, எத்தன மணிக்கு. உனக்கே தெரியும். ஆனா ஒரு ஆள் இருக்க வேண்டிய எடத்துல மூணு ஆள் வேலைய ஒருத்தி தலைல கட்டுனா அஞ்சும் கண்ணு முன்னாடியே கலங்கும் பாப்பா. பொதுவாத்தான் சொல்றேன்.

உங்க காலேஜ்ல விளக்கு ஏத்துற அன்னிக்கு நானும் அப்பாவும் கடைசி வரிசைல உக்காந்திருந்தோமே, உறுதிமொழி எடுத்தீங்கல்ல. அத நைட்டிங்கேல் எழுதவே இல்லம்மா, அவங்க பேர வெச்சு 1893ல அமெரிக்காவுல டெட்ராய்ட்ல எழுதுனதுனு திரும்பி வர்றப்போ பஸ்ல சொன்ன. அதுல ஒரு எடம் வரும், கெடுதலான மருந்த தெரிஞ்சே குடுக்க மாட்டேன்னு. தெரிஞ்சேனு போட்டிருக்கு பாரு. எழுதுனவங்களுக்கு வார்டு தெரிஞ்சிருக்கு. தெரியாம நடக்கும், நடந்தா அத மறைக்காம சொல்லணும், எழுதிக் குடுக்கணும். எழுதிக் குடுத்தவள எவன் என்ன வேணா பேசட்டும், எனக்கு அவ மேல மரியாதைதான். சாப்பிடு.

உன் நோட்டுல நைட்டிங்கேல் பக்கத்துல, அவங்க நர்ஸா போன கிரிமியா போர் கணக்கு எழுதியிருக்க, காயத்துல செத்தவங்கள விட நோயில செத்தவங்க அதிகம்னு அவங்க படம் போட்டே காட்டுனது. ஜன்னல், காத்து, வெளிச்சம், சுத்தம் எல்லாம் எழுதிட்டு கீழ கொட்டை எழுத்துல, கவனிச்சுப் பாக்கறதுதான் நர்ஸ் வேலைனு போட்டிருக்க. அத படிச்சதுக்கப்புறம் எனக்கு பரண் வேலை ஓடல.

உனக்கு அப்ப நாலு வயசு. நான் இங்க ஒரு சின்ன ஆஸ்பத்திரில நைட் டூட்டி, அதுக்கு முன்னாடி பகல் டூட்டியும் நானே பாத்திருந்தேன். மலைல ஜீப் கவுந்துருச்சு, அப்பா ஜீப் இல்ல, வேற. அதுல ஒரு அம்மா, வயித்துல அடி, வெளிய காயமே இல்ல. மணிக்கொரு தடவ பல்ஸும் பிபியும் பாருங்க சிஸ்டர்னு டாக்டர் சொல்லிட்டுப் போய்ப் படுத்துட்டாரு. ஒரு மணிக்குப் பாத்தேன், 110க்கு 70, பல்ஸ் 84. ரெண்டு மணிக்கு நான் எந்திரிக்கல. நாற்காலில சாஞ்சேன், கால் ரெண்டும் மரத்துப் போச்சு. மூணு மணிக்கு முழிச்சு, சார்ட்ல ரெண்டுக்கும் மூணுக்கும் அதே நம்பரப் போட்டேன், பல்ஸ மட்டும் ஒரு எடத்துல 86னு மாத்திப் போட்டேன். ஒரே மாதிரி இருந்தா சந்தேகம் வரும்ல. அந்தளவுக்கு மூளை வேலை செஞ்சுது பாரு.

நாலு மணிக்குப் போய்க் கையத் தொட்டேன். ஜில்லுனு, வேர்த்துப் போய், பல்ஸ் நூல் மாதிரி ஓடுது. உள்ளுக்குள்ளயே ரத்தம் போயிருக்கு. டாக்டர் ஓடி வந்து சார்ட்டப் பாத்துட்டு, மூணு மணி வரைக்கும் நல்லாத்தான இருந்திருக்குனு என்னப் பாத்துச் சொன்னாரு. நான் தலைய ஆட்டினேன். ஆம்புலன்ஸ்ல மதுரைக்கு அனுப்புனாங்க. அவங்க பொழச்சாங்களா இல்லையானு நான் விசாரிக்கவே இல்ல. ஊர் தெரியும், கேட்டிருக்கலாம். ஆஸ்பத்திரி வாசல்ல அவங்க புருஷன் ஒரு துணிப்பைய வெச்சுக்கிட்டு நின்னாரு, என்னக் கும்பிட்டாரு.

அது தெரிஞ்சே. நான் தெரிஞ்சே எழுதினேன் பாப்பா. நீ சின்னதுல கேப்பல்ல, ஏம்மா மூணு மணிக்கு எந்திரிச்சு உக்கார்றனு, தண்ணி தாகம்னு சொல்வேன்.

ஞாயித்துக்கிழமை எர்ணாகுளம் பஸ்ல தெரிஞ்ச கண்டக்டர் கிட்ட திராட்சையும் பருப்புப் பொடியும் குடுத்து விடறேன், ஸ்டாண்டுல போய் வாங்கிக்க. உனக்கு முடியலனா ரூம்மேட் பொண்ண அனுப்பு. போன் பண்ணணும்னு இல்ல. அப்பாக்கு அந்த சார்ட் விஷயம் தெரியாது.

அம்மா