சிறுகோள் கண்ட சென்னை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வெளியான ராமானுஜன் சிறுகோள் பற்றிய கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்திலிருந்து 1988 பிப்ரவரி 17 அன்று வானியலாளர் ஆர். ராஜமோகன் கண்டறிந்த சிறுகோள் அந்தக் கணித மேதையின் பெயரைத் தாங்கி, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சூரியனைச் சுற்றிவருவது நமக்குப் பெருமைதான். ஆனால், தமிழ்நாட்டிலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் அதுவே என்று கட்டுரையாளர் எழுதியிருப்பது சரியன்று.

சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் அரசு வானியலராக இருந்த நார்மன் போக்சன், 1861 ஏப்ரல் 17 அன்றே ஒரு சிறுகோளைக் கண்டறிந்தார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அது 'ஆசியா' என்றே பெயர்பெற்றது. தொடர்ந்து சாஃபோ (1864), சில்வியா (1866), கமில்லா (1868), வேரா (1885) ஆகியவையும் அங்கிருந்தே கண்டறியப்பட்டன. சிறுகோள் தேடலுக்கு ஒளிப்படத் தகடுகள் வராத காலம் அது. தொலைநோக்கியில் தெரியும் ஒவ்வொரு ஒளிப்புள்ளியையும் விண்மீன் வரைபடத்தோடு ஒப்பிட்டு, வரைபடத்தில் இல்லாத புள்ளி ஏதேனும் தென்பட்டால், அடுத்தடுத்த இரவுகளில் அது இடம் மாறுகிறதா என்று கண்ணால் பார்த்தே உறுதிசெய்ய வேண்டும். அந்த உழைப்பை ஒரு வரியிலாவது குறிப்பிடாமல் விட்டது எனக்கு மிகுந்த வருத்தம் அளித்தது. இரண்டு துணைக்கோள்கள் இருப்பதாக உலகம் முதன்முதலில் அறிந்த சிறுகோளும் (2005இல்) சென்னையில் கண்ட அதே சில்வியாதான்.

பெயர் சூட்டும் முறையையும் கட்டுரை சற்று விளக்கியிருக்கலாம். கண்டறிந்தவுடன் பெயர் கிடைத்துவிடுவதில்லை. ராமானுஜன் சிறுகோளுக்கு முதலில் கிடைத்தது '1988 டிகியூ1' என்ற தற்காலிகக் குறியீடுதான். அதிலுள்ள 'டி' என்ற எழுத்து பிப்ரவரி மாதத்தின் பிற்பாதியைக் குறிக்கும். பல காலம் பின்தொடர்ந்து சுற்றுப்பாதை ஐயமறக் கணக்கிடப்பட்ட பின்னரே 4130 என்ற நிலையான எண் வழங்கப்பட்டது. எண் கிடைத்த பிறகுதான் சிறுகோளுக்கான பெயரை அதைக் கண்டறிந்தவர் முன்மொழிய முடியும். அதைப் பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் குழு ஏற்க வேண்டும். பணம் கட்டி வாங்கும் பெயர் அல்ல அது என்பதை மாணவர்கள் அறிவது நல்லது.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் உங்கள் அறிவியல் பக்கத்தை வெட்டி வைத்துப் படிக்கிறார்கள் என்பதால், 'முதல் சிறுகோள்' என்ற தகவலுக்கு அடுத்த இதழிலேயே திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், வாணியம்பாடி