வாவிக்கரையில் வரலாற்றுக் களரி: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய, கூத்துப் பழக்கும் அண்ணாவியார்மார், ஆலய பரிபாலன சபையார், அதிபர்கள், ஆசிரியர்கள், கழகத்துத் தம்பி தங்கையர் அனைவருக்கும் வணக்கம்.

கூத்துடுப்பு, முடி, அணிகலன், ஒலி, ஒளி என்று எங்களிடம் வாடகைக்கு எடுத்துவரும் உங்களில் பலர் கொஞ்ச நாளாக ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள்: "கடையை மூடிப்போட்டுப் பூங்கா கட்டப் போறீங்களாமே?" கடையை மூடமாட்டோம். பூங்கா பற்றிய கதை உண்மை. வாய்வழியாகப் போனால் ஊருக்கு ஊர் வேறு கதையாகிவிடும் என்பதால், எங்கள் எண்ணத்தை எழுத்தில் வைக்கிறோம்.

மட்டக்களப்பு வாவியோரம் ஒரு காணியைக் குத்தகைக்குக் கேட்டிருக்கிறோம். அங்கே நம் ஊரின் வரலாற்றை இரவில், திறந்த வெளியில், ஆட்களே ஆடிப் பாடி நடித்துக் காட்டும் களரி, அதாவது ஆடுகளம், ஒன்று அமைக்க வேண்டும் என்பதுதான் திட்டம். ராட்டினம், சறுக்குமரம், நீச்சல் தடாகம் எதுவும் வராது. பார்க்க வருபவர்களுக்கு ஓர் ஆட்டமும், இருக்க இடமும், குடிக்கத் தேநீரும் இருக்கும்.

இந்த எண்ணத்துக்கு வித்திட்டது பிரான்சில் வாந்தே பகுதியில் இருக்கும் பூய் து ஃபூ என்ற வரலாற்றுக் காட்சிப் பூங்கா. 1978இல் ஓர் இடிந்த கோட்டை மாளிகைக்கு முன்னால் அந்த ஊர்ச் சனங்களே கூடி, தங்கள் மண்ணின் கதையை இரவுக் காட்சியாக ஆடத் தொடங்கினார்கள். பகல் பூங்கா 1989இல்தான் வந்தது. பிறகு ஸ்பெயினில் தொலேடோ நகரருகே ஒன்று எழுந்தது. இங்கிலாந்தில் பிஸ்டர் நகருக்குப் பக்கத்திலும் ஒன்று அமைக்கத் திட்டம் போட்டிருக்கிறார்கள். அந்தப் பிரெஞ்சு இரவுக் காட்சியில் இன்றும் ஆடுகிறவர்கள் சம்பளம் வாங்காத ஊர்த் தொண்டர்கள், அதுவும் ஆயிரக்கணக்கில். அவர்களிடம் இருக்கும் பணத்துக்கு நாங்கள் எங்கே போவது? ஆனால் சட்டம் (பாத்திரத்துக்குரிய பாட்டு ஏடு) கொடுத்து, மாதக்கணக்கில் பழகி, சதங்கை அணிந்து, அடுக்கு என்ற முழு ஒத்திகை பார்த்து, அரங்கேற்றத்தன்று விடிய விடிய ஆடும் மனிதர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். இந்தத் துணிவுக்கு வேறு மூலதனம் எங்களிடம் இல்லை.

ஒரு விடயத்தில் மட்டும் அவர்கள் வழியில் போகமாட்டோம். ஆடுகிறவர்களுக்கு இரவுக்கிரவு சம்பளம் கொடுப்போம். கோயிலுக்காக ஆடுவது நேர்த்தி. சீட்டு விற்று நடத்தும் காட்சியில், பகலெல்லாம் தோணி தள்ளியோ கல் அடுக்கியோ உழைத்துவிட்டு வரும் மனிதரைச் சும்மா ஆடச் சொல்வது நியாயமாகப் படவில்லை.

முதல் ஆட்டத்துக்கு 1638ஆம் ஆண்டை எடுத்திருக்கிறோம். புளியந்தீவில் நாம் நாளாந்தம் கடந்துபோகும் கோட்டையைப் போத்துக்கேயர் 1628இல் கட்டினார்கள். பத்து வருடம் கழித்து ஒல்லாந்தத் (டச்சு) தளபதி வெஸ்டர்வோல்ட் கப்பல்களோடு வந்தார். போத்துக்கேயருக்கு எதிராக அவரோடு சேரக் கண்டியிலிருந்து அரசன் இரண்டாம் இராசசிங்கன் படையோடு இறங்கினான். மே 18இல் கோட்டை வீழ்ந்தது. மே 23இல் அரசனும் ஒல்லாந்தரும் இங்கேயே ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். பிடித்த கோட்டைகளில் அரசன் விரும்பினால் மட்டுமே ஒல்லாந்தப் படை இருக்கலாம் என்ற நிபந்தனை அரசனிடம் இருந்த பிரதியில் இருந்தது, ஒல்லாந்தர் பிரதியில் இருக்கவில்லை. பின்னாளில் எழுந்த பெரிய பிணக்குகளில் அதுவும் ஒன்று. முற்றுகையை விட இந்தக் கையெழுத்துக் காட்சியில்தான் எங்களுக்குக் கூடுதல் ஆசை. இரண்டு ஓலைகளை இரண்டு பேர் வாசிக்க, சபைக்கு மட்டும் வேற்றுமை தெரியவேண்டும். மேடையில் நிற்கும் அரசனுக்குத் தெரியக்கூடாது. இதற்கு எந்தத் தரு (பாட்டு), எந்தத் தாளம் என்று அண்ணாவியார்மாரோடு கதைத்துக்கொண்டிருக்கிறோம்.

கோட்டைக்குள் ஓர் ஆணிகூட அடிக்கமாட்டோம். அது தொல்லியல் சின்னம். நான்கு கொத்தளத்தோடு வாவிக்குள் கால் நீட்டி நிற்கும் அந்தச் சுவரைத் தூரத்தில் பின்னணியாக வைத்துக்கொண்டு, இக்கரையில் வட்டக்களரி போட்டு ஆடுவோம்.

உடுப்பைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். வடமோடிக் கூத்தில் வரும் அரசனின், கூடைபோல் விரிந்த கரப்புடுப்பையும் கண்ணாடி பதித்த முடியையும் கண்டி அரசனுக்கு மாட்டிவிடுவது எங்களுக்குச் சுலபம், கைவசம் இருக்கிறது. செய்யமாட்டோம். தருமருக்கும் துரியோதனனுக்கும் உரிய உடுப்பு அது. அதன் மதிப்பு உங்கள் களரிகளில்தான் இருக்கவேண்டும். ஆகவே எல்லாம் புதிதாகத் தைக்கிறோம். அதிகம் வேலை வாங்கியது போத்துக்கேயக் கப்பித்தானின் நெஞ்சுக் கவசம். முதலில் அலுமினியத் தகட்டில் அடித்தோம். பார்க்க நல்லாய்த்தான் இருந்தது, ஆனால் வீசாணம் என்ற ஆட்டத்துக்குக் கை தூக்கியதும் விளிம்பு அக்குளில் வெட்டியது. இப்போது கடதாசிக் கூழை அச்சில் ஒட்டி, நிழலில் காயவைத்து, வெளியே சீலை ஒட்டி வெள்ளி வர்ணம் பூசுகிறோம். உள்ளே பழைய வேட்டித்துணி வேர்வையைக் குடிக்கும். அதைப் போட்டுக்கொண்டு முழு வரவாட்டமும் (களரிக்குள் வரும்போது ஆடுவது) ஆட முடிகிறது.

போத்துக்கேய வீரர்களுக்குச் சில வரிகளை போத்துக்கேய, ஒல்லாந்த வழிவந்த நம் ஊர்ப் பறங்கியர் வீடுகளில் இன்னமும் பேசப்படும் போத்துக்கேயக் கிரியோல் (கலப்பு) மொழியிலேயே வைக்கிறோம். அவர்களின் கஃப்ரிஞ்ஞா ஆட்டமும் வரும். அதை அவர்களே ஆடுவார்கள். மற்றவர்களுக்கு வேசம் கட்டி ஆடவைக்கமாட்டோம்.

முற்றுகை என்றால் பீரங்கி. அந்த வெடியோசையை ஒலிபெருக்கியில் விடுவதில்லை என்று தொடக்கத்திலேயே முடிவெடுத்துவிட்டோம். இந்தக் கரையில் போர்க்காலத்தில் செல் (எறிகணை) சத்தத்துக்குப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு ஓடிய தாய்மார் இன்றும் இருக்கிறார்கள். வெடிச் சத்தத்தைச் சீட்டு விற்றுக் கேட்கவைக்க எங்களால் முடியாது. இரண்டு மத்தளமும் சல்லரித் தாளமும் அந்த வேலையைச் செய்யும். கூத்தில் போர் எப்போதும் அப்படித்தானே நடந்திருக்கிறது.

பாண்டிருப்பு வாடிக்கையாளர்கள் சிலர் மனக்கவலையோடு கேட்டார்கள், திரௌபதை அம்மன் சடங்கையும் காட்சியாக்கிவிடுவோமோ என்று. இல்லை. வனவாசமும் தவநிலையும் தீமிதிப்பும் வழிபாடு. கண்ணகி அம்மன் குளிர்த்திச் சடங்கும் அப்படியே. சீட்டு விற்கும் இடத்தில் அவற்றுக்கு இடமில்லை. அடுத்த ஆட்டங்களுக்கு 1602இல் ஒல்லாந்தக் கடலோடி ஸ்பில்பேர்கன் இங்கே கரையிறங்கியதையும், 1814இல் மெதடிஸ்தப் பாதிரியார் வில்லியம் ஓல்ட் வந்து பள்ளிக்கூடம் தொடங்கியதையும் யோசித்து வைத்திருக்கிறோம்.

எப்போது தொடங்கும்? காணிக் குத்தகையும் கரையோர அனுமதியும் கையில் கிடைக்கும் வரை நாள் குறிக்கமாட்டோம். கண்டல் மரம் ஒன்றும் வெட்டப்படாது. ஐப்பசி முதல் தை வரை மழை, காட்சி கிடையாது. வைகாசிச் சடங்குக் காலத்திலும் கிடையாது. பூரணை இரவுகளில் கல்லடிப் பாலத்தடியில் மீன் பாடுவதைக் கேட்கத் தோணியில் போகிறவர்கள் உண்டு. அந்த இரவுகளிலும் வாவிக்கரையில் ஒலிபெருக்கி போடமாட்டோம்.

இனி உங்கள் வாடகை விடயம். களரிக்கான உடுப்புகள் தனிக் கணக்கு, தனி அலுமாரி. உங்களுக்குத் தரும் உடுப்பிலிருந்து ஒரு சதங்கைகூட அங்கே போகாது. ஒலி, ஒளிச் சாமான் இரண்டுக்கும் பொதுவாகத்தான் இருக்கும். திருவிழாவோ அரங்கேற்றமோ எங்கள் காட்சியோடு ஒரே நாளில் மோதினால் உங்களுக்கே முதலிடம். அன்று எங்கள் காட்சியை நிறுத்துவோம். இதற்காக வாடகையை உயர்த்தமாட்டோம். இந்தத் திட்டத்துக்கு நாங்கள் யாரிடமும் முற்பணமோ பங்குப் பணமோ வாங்கவில்லை. எங்கள் பேரைச் சொல்லி யாராவது கேட்டால் கொடுக்கவேண்டாம், எங்களுக்கு அறிவியுங்கள்.

வீட்டில் பழைய கூத்து ஏடோ கொப்பியோ வைத்திருப்பவர்கள், அதில் ஒல்லாந்தர், போத்துக்கேயர் பற்றி ஒரு வரி இருந்தாலும், கொண்டுவந்து காட்டுங்கள். உங்கள் கண் முன்னாலேயே படமெடுத்துவிட்டுத் திருப்பித் தருவோம்.

வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் கடைப் பின்வளவில் ஒத்திகை நடக்கிறது. அண்ணாவியார்மார் வந்து பார்த்துப் பிழை சொல்லவேண்டும். பாடசாலைப் பிள்ளைகளைக் கூட்டிவருவதென்றால் முதல் நாளே ஒரு சொல் சொல்லிவிடுங்கள், பாய் விரித்து வைக்கவேண்டும். வைகாசிச் சடங்குக்கான உடுப்புப் பதிவு வழமைபோல் பங்குனியில் தொடங்கும்.

இப்படிக்கு,
உங்கள் உடுப்புக் கடையார்,
மட்டக்களப்பு