எலியின் நடத்தையும் மனச்சிதைவு மருந்தும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூளையே சுரக்கும் நியூரோடென்சின் என்னும் பெப்டைடு (அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி), மனச்சிதைவு மருந்துகளைப் போலவே செயல்படுவதாகத் தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் வந்த செய்தியைப் படித்தேன். பல ஆண்டுகள் மருந்தியல் கற்பித்தவன் என்ற முறையில் மகிழ்ந்தேன். ஆனால், இனி மாத்திரையே தேவைப்படாது என்று பொருள்படும்படி அதற்கு இட்டிருந்த தலைப்பு கவலையளித்தது.

13 அமினோ அமிலங்களால் ஆன இந்தப் பெப்டைடை 1973-இல் ராபர்ட் காராவேயும் சூசன் லீமனும் மாட்டு மூளையின் ஹைப்போதலாமஸ் என்னும் பகுதியிலிருந்து பிரித்தெடுத்ததாக அறிவித்தனர். மூளை தனக்குத்தானே தயாரித்துக்கொள்ளும் மனநோய் மருந்தாக இது இருக்கக்கூடும் என்ற கருத்தை 1980-இல் ஆய்வாளர் சார்லஸ் நெமரோஃப் முன்வைத்தார். அதற்கு முக்கிய ஆதாரம் எலிகளின் நடத்தைதான். மணியோசை கேட்டவுடன் கூண்டின் மறுபக்கம் தாவிவிட்டால் மின்னதிர்ச்சியிலிருந்து தப்பலாம் என்று பழகிய எலிக்கு ஹாலோபெரிடால் என்னும் மனச்சிதைவு மருந்தைக் கொடுத்தால், அது ஓசையைப் பொருட்படுத்தாமல் நின்ற இடத்திலேயே நிற்கும். மின்சாரம் காலில் பட்ட பிறகே தாவி ஓடும். ஓடும் வலு அப்படியே இருக்க, எச்சரிக்கைக்கு இணங்கும் முனைப்பு மட்டும் குறைகிறது. மூளைக்குள் நியூரோடென்சின் செலுத்தப்பட்ட எலிகளிடமும் இதே மாற்றம் தென்பட்டது. ஆம்பெடமின் என்னும் கிளர்ச்சியூட்டும் மருந்து தூண்டும் ஓயாத ஓட்டத்தையும் அது அடக்கியது. அதுவும், மனச்சிதைவு மருந்துகள் செய்வதுபோல் டோபமைன் என்னும் மூளை வேதிப்பொருளின் ஏற்பிகளை அடைக்காமலேயே. உண்மையிலேயே வியக்கத்தக்க ஒற்றுமை இது.

ஆயினும், ஊசி மூளையில் எங்கே இறங்குகிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறிவிடுகிறது. நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் பகுதியில் செலுத்தினால் பரபரப்பு அடங்குகிறது. டோபமைன் நரம்பணுக்கள் தொடங்கும் நடுமூளைப் பகுதியில் செலுத்தினாலோ எலி முன்னிலும் கூடுதலாக ஓடுகிறது. இரத்தத்தில் செலுத்தினால் நொதிகள் அதை விரைவில் சிதைத்துவிடுகின்றன. மூளைக்குள் போதிய அளவு சென்று சேர்வதில்லை. மூளையை எட்டக்கூடிய மாற்று வடிவங்களை ஆய்வாளர்கள் உருவாக்கி விலங்குகளில் சோதித்துள்ளனர் என்பது நம்பிக்கையளிக்கிறது. எனினும், யாரும் பேசாதபோதும் காதில் குரல் கேட்டுத் தவிக்கும் ஒருவரின் துன்பம் தணியுமா என்பதை எலியிடம் கேட்டறிய வழியில்லை.

கைநடுக்கம், எடை கூடுதல் போன்ற பக்கவிளைவுகளால் மாத்திரையை எப்போது விடலாம் என்று காத்திருப்பவர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் தங்கள் வாசகர்களே. திடீரென்று மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பும் வாய்ப்பு மிகுதி. ஆகவே, ஆய்வு எந்த விலங்கில் நடந்தது, மருந்து எந்த வழியாகச் செலுத்தப்பட்டது ஆகியவற்றை இத்தகைய செய்திகளின் முதல் பத்தியிலேயே தெரிவிக்குமாறும், பக்கவிளைவுகள் குறித்து மருத்துவரிடம் எவற்றையெல்லாம் கேட்கலாம் என்பதை மனநல மருத்துவர் ஒருவரைக் கொண்டு தனிக் கட்டுரையாக வெளியிடுமாறும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தியல் ஆசிரியர்,
மதுரை