காரைக்குடிப் பூங்காவில் காரைச் செடியும் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2024-இல் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்த காரைக்குடியில் பூங்காவைப் புதுப்பிக்கும் பேச்சு எழும்போதெல்லாம் புல்தரை, பேவர் பிளாக் நடைபாதை, ஃபைபர் மான், நீரூற்று என்று அதே பட்டியல்தான் வருகிறது. இந்த மண்ணுக்கும் வெயிலுக்கும் இது ஒத்துவராது. கோடையில் ஒரு சதுர மீட்டர் புல் பச்சையாக நிற்க நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 லிட்டர் தண்ணீர் வேண்டும். 1,000 சதுர மீட்டருக்கு 5,000 லிட்டர். சித்திரையில் குடத்தோடு வரிசையில் நிற்கும் ஊரில் புல்லுக்குத் தினமும் ஒரு லாரித் தண்ணீர் ஊற்றுவது நியாயமே இல்லை.

ஊர்ப் பெயருக்கே காரணம் என்று சொல்லப்படும் காரைச் செடியை வேலியாக நடலாம். முள் இருப்பதால் நடைபாதையிலிருந்து 3 அடி தள்ளி, செடிக்குச் செடி 2 அடி விட்டு நட்டு, 4 அடி உயரத்தில் கத்தரித்து வந்தால் ஆடு நுழையாது. மஞ்சள் பழத்துக்குக் குருவிகள் வரும். உள்ளே வீரை, காசான், உலக்கைப்பாலை, விருட்சி என்று நம் பக்கத்துக் கோயில் காடுகளில் இன்றும் நிற்பவற்றையே கொண்டுவர வேண்டும். இவை மெதுவாகத்தான் வளரும். அதற்காக வேகமாக வளர்வதைத் தேடிக் கோனோகார்பஸ் என்னும் வெளிநாட்டு மரத்திடம் போகக் கூடாது. அதை நடுவதற்குத் தமிழக அரசே தடை விதித்துவிட்டது. உடனடி நிழலுக்குப் புங்கமும் வேம்பும் போதும். புங்கம் மாசி, பங்குனியில் இலை உதிர்த்தாலும் சித்திரை வெயிலுக்கு முன் தளிர்த்துவிடும். பூவரசின் கிளையைப் போத்தாக வெட்டி ஊன்றினால் ஆணிவேர் இருக்காது, பெருங்காற்றில் சாயும்; விதைக்கன்றுதான் நல்லது. நாவலை இருக்கைக்கு மேல் கவியும்படி நடாதீர்கள், பழக்கறை துணியை விட்டுப் போகாது.

கன்று ஏன் சாகிறது என்பதுதான் முக்கியம். இங்கே செம்மண்ணுக்கு ஓரிரு அடிக்குக் கீழே பல இடங்களில் சரளை இறுகிப் பாறைபோல் கிடக்கிறது. அதன் மேல் குழி வெட்டி நட்டால், ஐப்பசி, கார்த்திகை மழையில் குழி தொட்டியாகித் தண்ணீர் நின்று வேர் அழுகும். தப்பிய கன்றின் வேரும் குழிக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து, அடுத்த கோடையில் காய்ந்துபோகும். ஆகவே ஆடி, ஆவணியிலேயே 3 அடி நீள, அகல, ஆழத்தில் குழி வெட்டி, அடிச் சரளையைக் கடப்பாரையால் உடைத்துவிட வேண்டும். தோண்டிய மண் இரண்டு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, குழிக்குக் கால் கிலோ வேப்பம்புண்ணாக்கு. முதல் நல்ல மழை பெய்து மண் குளிர்ந்த பிறகே நடவு. பையைப் பிரிக்காமல் நடுவது இன்றும் நடக்கிறது. மேற்பார்வையாளர் ஒவ்வொரு குழியிலும் பையைக் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும். நட்ட கன்றைச் சுற்றி மண்ணின் மேல் நான்கு விரல் கனத்துக்குச் சருகு பரப்பி, தண்டைச் சுற்றி ஒரு சாண் மட்டும் விட்டுவிடலாம். இரண்டு கோடைக்கு வாரம் 20 லிட்டர் தண்ணீர் கிடைத்தால் பிறகு கன்று தானே பிழைத்துக்கொள்ளும். நடைபாதைச் சிமென்ட் மரத்தை நெருக்காமல் 4 அடிச் சதுரம் திறந்திருக்க வேண்டும்.

மழைநீருக்கு வழி நம் முன்னோர் காட்டியதுதான். ஓர் ஏக்கரில் 5 செ.மீ. மழை பெய்தால் 2 லட்சம் லிட்டர் தண்ணீர். அதைச் சாக்கடைக்கு அனுப்பாமல் பூங்காவின் தாழ்ந்த மூலையில் சிறிய ஊருணி வெட்டி, செம்பூராங்கல்லில் படி கட்டலாம். அந்தக் கல்லுக்கு எனாமல் பெயின்ட் அடிக்கக் கூடாது. உள்ளே தங்கும் ஈரம் பெயின்டைச் செதிலாக உரித்துவிடும்.

இனி கலை. ஃபைபர் பொம்மை சில கோடையில் நிறம் வெளுத்து வெடிக்கிறது. பக்கத்திலேயே வண்ணத் தளக்கல்லுக்குப் பேர்போன ஆத்தங்குடி இருக்கிறது. ஆனால் அந்தத் தளக்கல்லைத் திறந்தவெளி நடைபாதையில் பதிப்பதுபோல் தவறு வேறில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து நிறச்சாந்து ஊற்றி, உலர்ந்த சிமென்ட்-மணல் தூவி, மேலே கலவை போட்டு, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுப்பது அது, சூளைக்குப் போவதில்லை. கண்ணாடியில் பட்ட முகம் வழவழப்பாக இருப்பதால் மழையில் பாசி பிடித்தால் பெரியவர்கள் வழுக்கி விழுவார்கள். கூரையுள்ள மண்டபத் தரைக்கும் சுவர்ச் சித்திரத்துக்கும்தான் அது பொருந்தும். சுவரின் அடியில் ஈரம் ஏறாத பட்டை போட வேண்டும். இல்லாவிட்டால் தளக்கல்லில் வெள்ளையாக உப்புப் பூக்கும். ஆசிட் ஊற்றிக் கழுவினால் நிறமே போய்விடும். வெறும் தண்ணீரில் துடைத்து, எப்போதாவது தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் தேய்த்தால் பளபளக்கும்.

மண்குதிரையும் வைக்கலாம். நேர்த்திக்கடனுக்கு அய்யனாருக்குப் போகும் புரவியை அப்படியே காட்சிப்பொருளாக்காமல், அதைச் செய்யும் மண்பாண்டக் கலைஞரான வேளாரிடம் கலந்து பேசிப் பூங்காவுக்கென்று வேறு வடிவில் செய்யச் சொல்வதே மரியாதை. ஓர் அடி மேடையும் வயிற்றுக்கடியில் நீர் வடியத் துளையும் அவசியம்.

ஒப்பந்தம் திறப்பு விழாவோடு முடியக் கூடாது. மூன்று ஆண்டுப் பராமரிப்பையும் சேர்த்தே டெண்டர் விட்டு, ஒவ்வொரு சித்திரையிலும் உயிரோடு நிற்கும் கன்றுகளை எண்ணிப் பணம் கொடுக்க வேண்டும். மரங்களின் பெயரைத் தமிழில் எழுதித் தனிக் கம்பியில் நிறுத்துங்கள். தயவுசெய்து மரத்தில் ஆணி அடிக்காதீர்கள்.

இப்படிக்கு,
வாசகர், காரைக்குடி