எதிரணி எப்போது நடுங்கும்?

அன்பின் ஆசிரியருக்கு வணக்கம்.

பினாங்கு காற்பந்துக் குழுவைக் கண்டால் இப்போது யாருக்கும் பயமில்லை என்று சென்ற வாரம் ஒரு வாசகர் இப்பகுதியில் வருந்தி எழுதியிருந்தார். அந்த வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் அவர் சொன்ன மருந்துதான் எனக்கு ஒப்பவில்லை. முரசு கூட வேண்டும், கூச்சல் கூட வேண்டும், வருகிற குழு அரங்கத்துக்குள் காலை வைக்கும்போதே மிரள வேண்டும் என்கிறார். கூச்சல் பத்து நிமிடம் தாங்கும். அப்புறம்?

எண்பதுகளில் செபராங் பிறையில் ஒரு தோட்டத்துக் குழுவில் தற்காப்பு ஆட்டக்காரனாக இருந்தவன் நான். பக்கத்திலேயே இன்னொரு தோட்டம். அவர்களோடு ஆட்டம் என்றால் லாரியில் ஏறும்போதே எங்களுக்குப் பேச்சு குறைந்துவிடும். அவர்கள் எங்களைவிட உயரமும் இல்லை, முரடர்களும் இல்லை. ஒருநாளும் வாய் திறந்து எங்களை மிரட்டியதில்லை. துவைத்த ஜெர்சியோடு எல்லாரும் ஒன்றாக வந்து இறங்குவார்கள். நடுவர் விசில் ஊதினால் வாதாட மாட்டார்கள். கோல் வாங்கினால் ஒருவரை ஒருவர் திட்ட மாட்டார்கள். வலைக்குள் கிடக்கிற பந்தை ஒருவர் எடுத்துக்கொண்டு நடுவட்டத்துக்கு ஓடுவார். எழுபதாவது நிமிடத்தில் நாங்கள் இடுப்பில் கை வைத்து நிற்போம். அவர்கள் இப்போதுதான் ஆட்டம் தொடங்கியது போல ஓடிவருவார்கள். அந்த ஓட்டத்தைப் பார்க்கும்போது வயிற்றைப் பிசையும்.

அதன் ரகசியம் பல ஆண்டுகள் கழித்து அந்தக் குழுவில் ஆடிய ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர், பையன்கள் ஓடி ஓடிக் களைத்த பிறகுதான் கோல் அடிக்கும் பயிற்சியையே தொடங்குவாராம். கால் கெஞ்சும் நேரத்தில் பந்தைச் சரியாக உதைக்கப் பழகியவனுக்குக் கடைசிப் பத்து நிமிடம் ஒரு பொருட்டா?

இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் குழுவின் பயிற்றுநராக இருந்த அலெக்ஸ் ஃபெர்குசன் செய்ததும் ஏறக்குறைய இதுதான். 1986 நவம்பரில் பொறுப்பேற்றவருக்கு முதல் கிண்ணம் 1990இல்தான் கிடைத்தது. லீக் பட்டம் 1993இல். நடுவில் அவரைத் தூக்கச் சொல்லிக் குரல் கொடுத்தவர்கள் ஏராளம். பிறகு 1999இல் பார்சலோனாவில் நடந்த ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம். இங்கே விடியற்காலை, மாமாக் கடையில் கூட்டம் நெரிகிறது. எதிரணியான ஜெர்மனியின் பாயர்ன் மியூனிக் ஆறாவது நிமிடத்திலேயே ஒரு கோல் அடித்து முன்னே நிற்கிறது. தொண்ணூறு நிமிடமும் தாண்டிவிட்டது. அதற்குப் பிறகு மான்செஸ்டரின் ஷெரிங்ஹாம் ஒன்று, சோல்ஷேர் ஒன்று. என் பக்கத்து மேசைக்காரர் தே தாரிக் தேநீரைத் தட்டிவிட்டதுகூடத் தெரியாமல் எழுந்து நின்றார். ஆட்டம் முடியும் தறுவாயில் ஃபெர்குசன் கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டுவாரே, அது எதிரணியைக் கலங்க வைக்கத்தான் என்று பின்னாளில் அவரே சொன்னார். ஆனால் கடிகாரத்தைக் கண்டு பயப்படுவதற்கு முன்பு எத்தனை குழுக்கள் கடைசி நிமிடத்தில் அவரிடம் தோற்றிருக்க வேண்டும்!

நம்மிடம் திறமைக்குக் குறையில்லை. 2016 பிப்ரவரியில் நம் சிட்டி ஸ்டேடியத்தில் பாகாங் குழுவுக்கு எதிராக நம் ஆட்டக்காரர் ஃபைஸ் சுப்ரி அடித்த ஃப்ரீ கிக் காற்றிலேயே திசை மாறிப் போய் வலைக்குள் விழுந்தது. உலகமே பார்த்து வியந்தது. 2017 ஜனவரியில் ஆண்டின் சிறந்த கோலுக்கான ஃபிஃபாவின் புஸ்காஸ் விருதும் கிடைத்தது. அதே 2017இல்தான் பினாங்கு, மலேசியாவின் முதல்நிலை லீக்கான சூப்பர் லீக்கில் கடைசி இடம் பிடித்துக் கீழ்நிலை லீக்குக்கு இறங்கியது. இதை நினைத்தால் இன்றைக்கும் மனம் ஆறவில்லை. 1998லும் 2001லும் லீக் வென்ற குழு இது. 2021இல் மூன்றாவது இடம் வரை ஏறினோம். அந்த ஏற்றமும் நிலைக்கவில்லை.

ஜோகூர் குழுவிடம் (ஜோகூர் டாருல் தாக்சிம்) பணம் இருக்கிறது, அதனால் ஜெயிக்கிறார்கள் என்பார்கள். பணம் முக்கியம்தான், மறுக்கவில்லை. 2014 முதல் லீக் பட்டத்தை அவர்கள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. பல குழுக்கள் அங்கே ஆடப் போகும்போதே எத்தனை கோலோடு தப்பிப்பது என்றுதான் கணக்குப் போடுகின்றன. ஆனால் 2021 மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் கோலாலம்பூர் சிட்டி என்ன செய்தது? பயிற்றுநர் போயான் ஹோடாக்கின் பையன்கள் இடைவேளை வரை பொறுமையாகத் தடுத்தார்கள். இரண்டாம் பாதியில் இரண்டு கோல் போட்டு அதே ஜோகூரை வீழ்த்தினார்கள். 1989க்குப் பிறகு அந்தக் கிண்ணம் கோலாலம்பூருக்கு வந்தது அன்றைக்குத்தான். அந்த இரவில் ஜோகூரின் பெயரைக் கேட்டு அவர்கள் மிரளவில்லை.

ஆகவே நான் கேட்பது இதுதான். ஒரு பயிற்றுநரை நம்பினால் மூன்று ஆண்டாவது விட்டுவையுங்கள். நாலு ஆட்டம் தோற்றவுடன் ஆளை மாற்றினால், பழக்கம் எங்கிருந்து வேர் பிடிக்கும்? சொந்தத் திடலில் சமநிலை கண்டாலே தோல்வி போல உணரும் குழுவை உருவாக்குங்கள். பதினைந்து வயதுப் பையன்களிடமிருந்தே இதைத் தொடங்க வேண்டும். நம் பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளை தோற்று வந்தால் "போனால் போகுது, விளையாட்டுதானே" என்று தேற்றுகிறோம். அன்று மாலை மட்டுமாவது அவன் வருத்தப்படட்டும், விட்டுவிடுங்கள்.

சனிக்கிழமைகளில் பட்டர்வொர்த்தில் சில சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். போன வாரம் 0-2 என்று பின்தங்கியிருந்தோம். கடைசி நேரத்தில் ஒரு கோல் விழுந்தது. பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் கொண்டாடாமல் வலைக்குள் ஓடிப் பந்தை எடுத்துக்கொண்டு நடுவட்டத்துக்கு வந்தான். நான் சொல்லிக் கொடுத்ததில்லை. எதிரணித் தற்காப்பில் நின்ற பையன் திரும்பித் தன் பயிற்றுநரைப் பார்த்தான். அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். லாரியில் போன காலத்தில் எங்களுக்கும் அதே முகம்தான். ஆட்டத்தில் 1-2 என்று தோற்றோம்.

ஆசிரியர் அவர்களே, ஒரு வேண்டுகோள். பினாங்கு ஆடும் ஆட்டங்களைப் பற்றி எழுதும்போது கோல் கணக்கோடு நிறுத்தாமல், எண்பதாவது நிமிடத்துக்குப் பிறகு நம் ஆட்டக்காரர்கள் எப்படி ஓடினார்கள் என்பதையும் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். நான் முதலில் அதைத்தான் படிப்பேன்.

இப்படிக்கு,
முன்னாள் தோட்டத்து ஆட்டக்காரர்,
பட்டர்வொர்த், பினாங்கு