முன்கூட்டியே சொல்பவரின் மனு யார் மேசைக்குப் போகிறது?

மதிப்பிற்குரிய வேலூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். திங்கள்கிழமை குறைதீர்வுக் கூட்டத்துக்கு வரும் மனுக்களில் ஒரு வகையைத் தனியே எடுத்துப் பாருங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். சுடுகாட்டுப் பாதையை அடைத்தது, சாமி ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போவது என்ற தகராறு, ராத்திரியோடு ராத்திரியாக நட்ட கொடிக்கம்பம். பட்டா மாற்ற மனுக்களோடு இவையும் கணினியில் ஏறி, 'உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது' என்ற பதிலோடு முடிந்துவிடுகின்றன. போய்ச் சேருவது பல நேரம் யார் மேல் புகாரோ அதே ஆபீசுக்கு.

வேலூர்க் கோட்டையிலும் இதுதான் நடந்தது. 1806 ஜூனில் முஸ்தபா பெய்க் என்ற சிப்பாய், பிரிட்டிஷ் கர்னல் ஃபோர்ப்ஸிடம் போய், சிப்பாய்களின் கிளர்ச்சி வரப்போகிறது என்று சொன்னார். கர்னல் அதை விசாரிக்கச் சொன்னது இந்திய அதிகாரிகளிடம். அவர்களில் பலர் அந்தத் திட்டத்திலேயே இருந்தவர்கள். 'இவன் பைத்தியம்' என்று அவரைச் சிறையில் போட்டார்கள். ஜூலை 10 விடியுமுன் கோட்டை வெடித்தது. இரு தரப்பிலும் சேர்த்துப் பல நூறு உயிர்கள் போயின.

நமக்கு முஸ்தபா பெய்க் நாயகன் அல்ல, தெரியும். என் கணக்கில் அவர் சொன்னது இரண்டாவது எச்சரிக்கைதான். பிரிட்டிஷார் கட்டாயமாக்கிய புதுத் தலைப்பாகையைப் போட மாட்டோம் என்று சிப்பாய்களே மே மாதம் வெளிப்படையாகச் சொல்லியிருந்தார்கள். அதற்குக் கிடைத்தது இரண்டு பேருக்குத் தலா 900 கசையடி. குறையைக் காது கொடுத்துக் கேட்டிருந்தால் உளவே தேவைப்பட்டிருக்காது.

2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கம் (அப்போது நம் மாவட்டம்) ஒரு தலித்தின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். வீடியோ பரவிய பிறகு உயர் நீதிமன்றமே தானாக வழக்கெடுத்தது. சுடுகாட்டுக்குப் பாதை இல்லை என்பது அந்த ஊருக்கு அன்றைக்குத்தானா தெரியும்?

கென்யாவில் 2007 தேர்தலுக்குப் பிறகு நடந்த கலவரத்தில் ஆயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். 2010-இல் புதிய அரசியல் சட்டத்துக்கான வாக்கெடுப்புக்கு முன்பு 'உவியானோ' என்ற ஏற்பாட்டைத் தொடங்கி, பதற்றம் தெரிந்தால் 108-க்கு இலவசமாக எஸ்எம்எஸ் அனுப்பலாம் என்றார்கள். (நமக்கு அது ஆம்புலன்ஸ் எண்.) வந்த தகவல்களைச் சரிபார்த்து மாவட்ட அமைதிக் குழுக்களுக்கு அனுப்பினார்கள். அந்த வாக்கெடுப்பு பெரும்பாலும் அமைதியாக நடந்தது.

நம் ஊரில் சமாதானக் கூட்டம் கூடுவது பெரும்பாலும் கல் விழுந்த அப்புறம்தான். டீ, பிஸ்கட், கையெழுத்து. அதற்குள் கடைகள் நாலு நாள் மூடிக் கிடக்கும், கூலிக்காரர் வீட்டில் அடுப்பு எரியாது.

ஆகவே, இந்த வகை மனுவை வேறு தாலுகா அதிகாரி விசாரிக்கட்டும். பத்து நாளுக்குள் நேரில் போகட்டும். மனு கொடுத்தவர் பெயர் ஊருக்குள் கசியக் கூடாது. ஆடித் திருவிழாக்களுக்கு முன் குடியாத்தம் தாலுகாவிலாவது தொடங்கிப் பாருங்கள்.

இப்படிக்கு,
வேலூர்வாசி ஒருவர்